நயினாதீவில் பிரெஞ்சு லீவு

பொறாமைப்படுகிறவனுக்கு ஒன்றில் இங்கிலீசு முழுதாகத் தெரிந்திருக்கவேண்டும், அல்லது அறவே தெரியாமல் இருக்கவேண்டும். எனக்கு அரைவாசி தெரியும். அந்த அரைவாசியை வைத்துக்கொண்டு, கல்யாணமான இரண்டாம் வருடம் நான் செய்த வேலையை நயினாதீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

நான் தீவுப்பகுதியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். என்னுடைய மேசைக்கு வருவது லீவு. சுகயீன லீவு, பிரசவ லீவு, அரைநாள் லீவு, சம்பளமில்லாத லீவு என்று ஆருக்கு என்ன மிச்சம் கிடக்கிறது என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இங்கிலீசில் எனக்கு விளங்காத சொற்கள் கனக்க இருந்தாலும், 'லீவு' மட்டும் என்னுடைய சொந்தக் காணி என்றுதான் நினைத்திருந்தேன்.

மனைவி சுகந்தி நயினாதீவில் தமிழ் ரீச்சர். விடிய நாரந்தனையில் பஸ் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, அங்கேயிருந்து படகில் போய் வருவாள். அதே படகுக்கு அல்லைப்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேருகிறவர் அன்ரன் சேர். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த இங்கிலீசு வாத்தியார். கொழும்பில் படித்தவர், உயரமானவர், கடல்காற்றிலும் கலையாத தலைமயிர்க்காரர். (நானும் ஒருநாள் எண்ணெய் வைத்துப் படிய இழுத்துப் பார்த்தேன். சலூன்காரர் ஆரும் செத்துப்போச்சினமோ என்று விசாரித்தார்.)

அவர் வந்த நாள் தொடக்கம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வரத் தொடங்கினார். ஆளாக அல்ல, பேச்சில். அன்ரன் சேர் இப்படிச் சொன்னவர், அன்ரன் சேர் அப்படிச் செய்தவர், படகில் மழை அடிக்க அன்ரன் சேர் குடை பிடித்தவர். ஒளிப்பானேன், எனக்கு நெஞ்செல்லாம் எரியும். நானும் லேசுப்பட்டவனில்லை என்று காட்டுவதற்காக, 'பாஸ் த சம்பல்' என்று ஒருநாள் கேட்டேன். சுகந்தி சிரித்துக்கொண்டே குழம்புச் சட்டியைத் தள்ளிவிட்டாள்.

அந்தக் கிழமைதான் அவள் இதைச் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, லீவும் லவ்வும் ஒரே வேரிலை இருந்து வந்ததெண்டு அன்ரன் சேர் சொல்லுறார்."

"எங்கடை கந்தோரிலை லீவு கேட்டு வாறவை ஒருதரும் என்னை விரும்பினதாத் தெரியேல்லை" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் படகில் வைத்து இன்னொருவன் மனைவிக்கு லவ்வின் வேரைத் தோண்டிக் காட்டுகிறான் என்றால், கிழங்கைக் காட்ட எத்தனை நாள் எடுக்கும்? ஏன் இந்தக் கதை வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பொறாமைக்காரன் கேட்கமாட்டான், ஒட்டுத்தான் கேட்பான்.

புதன்கிழமை பின்னேரம் ஒட்டுக்கேட்டேன். சுகந்தி குசினியில் ரெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் சேர், வெள்ளிக்கிழமை பிரெஞ்சு லீவை எடுப்பம். இல்லையில்லை, இவருக்குச் சொல்லேல்லை. பிறகு பாக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் எந்தப் படலையைத் தட்டினாலும் அந்த வீட்டில் ஒருவராவது பிரான்ஸில் இருப்பார். சுகந்தியின் அக்கா பரிஸில். அன்ரன் சேரின் தமையனும் பரிஸில். இரண்டு பேரும் லீவு எடுத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போகிறார்கள், நான் பிறகு பார்க்கட்டுமாம். எதைப் பார்ப்பது? ஐஃபில் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தையா? விசா எங்கே, ரிக்கற் எங்கே என்றெல்லாம் மூளை கேட்கவேயில்லை. மூளை அன்றைக்குக் கடமையில் இல்லை.

அலுமாரியைத் திறந்து அவளுடைய பாஸ்போட்டை எடுத்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். சிதம்பரம் போவதற்காக எடுத்த பாஸ்போட் அது. முந்தி அதில் அவளுடைய படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது பார்க்க அழுகை வந்தது. இவள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை அவளை வழக்கம்போல பஸ் ஏற்றிவிட்டேன். "வரட்டே?" என்று கேட்டாள். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். கந்தோருக்குப் போய்க் கதிரையில் குந்தினால் இருப்புக் கொள்ளவில்லை. ஒருவருக்கும் மூச்சுவிடாமல் எழும்பி, மோட்டார் சைக்கிளைக் குறிகட்டுவானுக்கு விட்டேன்.

பிரான்ஸுக்குப் போகிறவர்கள் ஏன் நயினாதீவுப் படகில் ஏறவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. நயினாதீவிலிருந்து கள்ளமாகக் கடலால் இந்தியா, அங்கேயிருந்து பிளேன். படகு நிறைய நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல். நானும் லைஃப் ஜாக்கெற்றைக் கட்டிக்கொண்டு, கோபுரம் தெரிந்ததும் கும்பிட்டேன். அன்ரன் சேருக்கு எங்கேயாவது தூரமாக ஒரு இடமாற்றம் கொடு தாயே என்று கேட்டேன். (கிளாக்கர் புத்தி எங்கே போகும்?)

பள்ளிக்கூட வாசலில் அதிபர் அம்மா என்னைக் கண்டு முகம் மலர்ந்தார். சுகந்தி ரீச்சரின் அவர் ஒத்திகை பார்க்க வந்திருக்கிறார் என்று தானே முடிவுகட்டி, மண்டபத்துக்குள் கூட்டிப்போய் முன்வரிசைக் கதிரையில் இருத்தினார். மேடையின் ஒரு பக்கம் சுகந்தி, மறுபக்கம் அன்ரன் சேர். நடுவில் மீசை கீறிய ஒரு பெண்பிள்ளை, காதில் பேனையும் நெற்றியில் கண்ணாடியுமாக மேசையில் குந்தியிருந்து, வருகிற எல்லோருக்கும் 'லீவு இல்லை, லீவு இல்லை' என்று கத்திக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் அது நான் என்று விளங்கியது.

அதற்குள் அன்ரன் சேர் கையைத் தட்டி, "அடுத்தது பிரெஞ்சு லீவு. பிரான்ஸுக்குப் போறவை எல்லாரும் வாங்கோ" என்றார்.

அவ்வளவுதான், துள்ளி எழும்பினேன்.

"சுகந்தி, நீர் ஒரு இடமும் போகேலாது. பாஸ்போட் என்னட்டை இருக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. பையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரியத் தூக்கியும் பிடித்தேன். மட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு மேடைக்கு ஏறிய பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். சுகந்தியின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது.

அன்ரன் சேர் நல்ல மனிதர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. (அதற்கும் பொறாமைப்பட்டேன்.) நான் நாடகத்தில் ஒரு ஆள் போலவும், இது முதலே ஒழுங்குசெய்த காட்சி போலவும், பிள்ளைகளைப் பார்த்து விளக்கம் சொல்லத் தொடங்கினார். மொழித் தினத்துக்கு ஒரு சொல்லின் கதையை நாடகமாகப் போடுகிறார்களாம். லீவு என்றால் ஆதியில் அனுமதி. மனம் விரும்பிக் கொடுப்பது அனுமதி என்பதால்தான் அது லவ்வுக்குச் சொந்தம். முந்தி விருந்துக்குப் போனவர் வீட்டுக்காரரின் அனுமதி வாங்கித்தான் எழும்புவார், அதனால் அந்தச் சொல் பிரியாவிடையானது. பட்டாளத்துக்காரனும் வேலைக்காரனும் அனுமதி வாங்கி வீட்டுக்குப் போனார்கள். பிறகு பிறகு அனுமதி மறந்துபோய், அந்த நாட்கள் மட்டும் லீவு என்று மிஞ்சின. என்னுடைய மேசைக்கு வருவது அந்த மிச்சசொச்சம். 'விட்டுப்போ' என்கிற லீவு இதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை, உருவத்தில் மட்டும் ஒன்றாம். ஆக, என்னுடைய சொந்தக் காணியில் நான் வெறும் வாடகைக்காரன்.

சுகந்தி தன்னுடைய பங்கைச் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனாலும் ரீச்சர் ரீச்சர்தான். தமிழில் விடை என்பதும் போவதற்குத் தருகிற அனுமதிதான், இப்போது அதைச் சோதனைத் தாளில் கேள்விக்குக் கீழே எழுதுகிறோம். எங்கள் ஊரில் வெளிக்கிடும்போது இன்றைக்கும் 'வரட்டே' என்று கேட்கிறோமே, அதுவும் விடை கேட்பதுதான் என்றாள்.

"அப்ப பிரெஞ்சு லீவு?" என்று கேட்டேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

ஒருவருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போவதை இங்கிலீசுக்காரர் அப்படிச் சொல்வார்களாம். பிரெஞ்சுக்காரரோ அதையே இங்கிலீசுக்காரரின் பழக்கம் என்பார்களாம். பழியை வேலிக்கு அந்தப் பக்கம் எறிவதில் அவர்களும் எங்களைப் போலத்தான்.

சுகந்தி மேடை விளிம்புக்கு வந்தாள்.

"நீங்கள் கந்தோரிலை ஆரிட்டையும் சொல்லிப்போட்டோ வந்தனீங்கள்?"

"இல்லை."

பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், ஒத்திகையில் பழகியபடியே, "பிரெஞ்சு லீவு" என்றார்கள். மண்டபம் இடிந்து விழுகிற சிரிப்பு. அதிபர் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். மீசை வைத்த பெண்பிள்ளை மட்டும் சிரிக்காமல் என்னைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடிப்புக்கு ஏதும் எடுக்கலாமோ என்று பார்த்திருக்கவேண்டும்.

பின்னேரம் மூன்று பேரும் ஒரே படகில் திரும்பினோம். அன்ரன் சேர் நாசூக்காக படகின் முன்னால் அணியத்துப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி திட்டுவாள் என்று குறிகட்டுவான் வருமட்டும் காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"பிரான்ஸ் எண்டு நினைச்சதுக்குக் கோவமில்லை" என்றாள் கடைசியில். "அது விசர். என்ரை பாஸ்போட்டை எடுக்க ஆரிட்டை லீவு கேட்டனீங்கள்?"

நான் பாஸ்போட்டை நீட்டினேன். வாங்கிக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். ஊர் முழுக்க லீவு கேட்டு வந்து நிற்கிற மேசைக்குச் சொந்தக்காரன், ஒரு நாளும் ஒருவரிடமும் கேட்டுப் பழகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் போய்விடுவாள் என்று பயந்தேனே தவிர, அவள் போவதும் வருவதும் என்னுடைய சேட்டுப் பைக்குள் இருக்கிற விஷயமில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

திங்கட்கிழமை வேலையில், வெள்ளிக்கிழமை சொல்லாமல் போன கிளாக்கர் ஒருவருக்குச் சம்பளமில்லாத லீவு பதியவேண்டியிருந்தது. நானே என் கையால் பதிந்தேன். மொழித் தினத்தில் நாடகத்துக்கு முதற்பரிசு. கடைசிக் காட்சியில் மீசைக்காரக் கிளாக்கர் ஒரு பாஸ்போட்டைத் தூக்கிப் பிடிப்பதாகப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அன்ரன் சேர் இப்போது எங்களுடைய மகளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுக்க வீட்டுக்கே வருகிறார். (அம்மன் என்னுடைய இடமாற்ற விண்ணப்பத்தைக் கடைசிவரை பரிசீலிக்கவில்லை.)

பாஸ்போட் அவளுடைய அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு எங்கே என்று எனக்குத் தெரியாது. ஃபிறிட்ஜைத் திறந்தாலும், பொரித்த மீனில் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாலும், மகளும் சேர்ந்து, "ஆரிட்டை லீவு கேட்டனீங்கள்?" என்று தொடங்கிவிடுவாள். கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தும் கேட்டிருக்கிறார்கள், சொந்தக்காரர் எல்லோருக்கும் இப்போது இது பாடம். நானும் ஒழுங்காகக் கேட்கிறேன். லீவு என்பது உரிமையில்லை, சலுகைதான் என்று கந்தோரில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான். வீட்டில் அதை எனக்குச் சொல்லிவிட்டு, அந்த இரண்டாவது துண்டை அன்ரன் சேரின் சாப்பாட்டுக் கோப்பையில் வைக்கிறார்கள்.