மாப்பிள்ளை அனுப்பிய வெயில் விளக்கு

மேட்டுத்தோட்டம்,
எடப்பாடி பக்கம்,
10-10-86

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை அர்த்தநாரி அவர்களுக்கு மாமனார் செங்கோடன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு ஆடு மாடு உட்பட அனைவரும் நலம், நீங்கள் அனுப்பிய சோலார் விளக்கு ஒன்றைத் தவிர. அங்கு நீங்களும், முழுகாமல் இருக்கும் மகள் வசந்தாமணியும் நலமா?

கரண்ட் இல்லாத தோட்டத்து வீட்டில் தலைப்பிரசவம் சரிப்படாது, விளக்கு ஒழுங்காக எரிந்தால் ஐப்பசியில் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் பிரசவம் பெங்களூரில்தான் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் உட்காரத் தோன்றுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையென்றால் ஊர் பேசுவது இருக்கட்டும், என் மனசு தாங்காது மாப்பிள்ளை.

முதலில் பேட்டரி இல்லாமல் அனுப்பினீர்களே, அதைச் சொல்கிறேன். வெயில் பிடிக்கிற சோலார் தகட்டிலிருந்து நேராக விளக்குக்கு ஒயர். உச்சி வெயிலில் பளிச்சென்று எரிந்தது, ஊரே வந்து பார்த்தது. பொழுது சாய்ந்ததும் சூரியனோடு சேர்ந்து அதுவும் படுத்துக்கொண்டது. எருமைக்குச் சோளத்தட்டு போட வந்த ராமாயி, "ஏனுங்க, சூரியனுக்கே லாந்தர் புடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அதே தகட்டில் நீங்கள் கொடுத்த சின்ன மோட்டாரை மாட்டினால் தொட்டி நிறையத் தண்ணீர் விழுகிறது. தண்ணிக்குத் தொட்டி இருக்குது, வெளிச்சத்துக்கு ஒரு தொட்டி வேண்டாமுங்களா? அதுக்குத்தான் பேட்டரி என்று என் மகன் மயில்சாமி தன் லாரியிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தான். அன்றிலிருந்து லாரியை ஆள் விட்டுத் தள்ளித்தான் கிளப்புகிறோம்.

பேட்டரி மாட்டிய அன்று சாயங்காலம் வெளிச்சமோ வெளிச்சம். லாரிச் சாமான் வீட்டுக்கு வந்தபின் லாரிக் கண்ணாடிக்குச் செய்யும் பூசையை இதற்கும் செய்யாமல் விடலாமா? நான் சொல்லி, உங்கள் மாமியார் சென்னியம்மாள் வெள்ளிக்கு வெள்ளி தகட்டுக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் பூசி வருகிறாள். பழசின் மேல் புதுசு, ஒரு குறையும் வைக்கவில்லை. இத்தனை செஞ்சும் விளக்கு நாளுக்கு நாள் மங்குதுங்க. நேத்து சோத்துல கை வைக்கறதுக்குள்ள அணைஞ்சே போச்சு. ஒயரைப் புடுங்கி மாட்டினேன், தகட்டைக் கெழக்கே திருப்பினேன், மேக்கே திருப்பினேன், ஒண்ணும் ஆகலீங்க. பேட்டரி இல்லாத விளக்காவது யோக்கியமுங்க, வெயில் இருந்தா எரியும், இல்லாட்டி இல்லை. இந்தப் பேட்டரி, மாமனார் ஊட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, எவ்வளவு போட்டாலும் உள்ளே போகுது, வெளிய ஒண்ணும் வரக் காணோம். உங்களைச் சொல்லலீங்க, பொதுவாச் சொன்னேன்.

ஆகையால் பேட்டரி உள்ளதும் வேண்டாம், இல்லாததும் வேண்டாம், நேரில் வந்து எடுத்துப் போங்கள். பெட்ரோமாக்ஸ் வாங்கி வைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக லாரி வாசலிலேயே நிற்கும், தள்ளவும் ஆள் சொல்லி வைக்கிறேன். பொண்ணை அனுப்பி வையுங்க மாப்பிள்ளை.

உங்கள் இருவருக்கும், வரப்போகிற சின்ன சாமிக்கும் திருச்செங்கோட்டு மலையான் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உட்கார முடியாத மாமனார்,
செங்கோடன்

பி.கு.: நேற்று இதைத் தபாலில் போடக் கிளம்பினேன், மழை பிடித்துக்கொண்டது. தகட்டில் இருந்த சந்தனமெல்லாம் வழிந்து ஓடிவிட்டது. இன்றைக்கு நல்ல வெயில். விளக்கு சாப்பிட்டு முடித்த பிறகும் எரிகிறது, இதை அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். சூரியனுக்கும் தகட்டுக்கும் நடுவே இத்தனை நாள் நாங்களே சுவர் வைத்துப் பூசியிருக்கிறோம். "நீங்கதானுங்க பூசச் சொன்னீங்க" என்கிறாள் உங்கள் மாமியார். ஆகவே பேட்டரியைத் திட்டியதையும், மாப்பிள்ளைமாரைப் பற்றிப் பொதுவாகச் சொன்னதையும் அடித்துவிட்டுப் படியுங்கள். பொண்ணை அனுப்பச் சொன்ன வரியை மட்டும் அடிக்க வேண்டாம்.