புழு சாரும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும்

புனேயில் நான் பார்த்த தமிழர்களிலேயே புழு சார் அளவுக்கு மனிதர்களைப் பகைத்துக்கொள்ளத் தெரிந்தவர் வேறு யாரும் கிடையாது. காலையில் வாட்ச்மேனிடம் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் டைரக்டர் வரை வந்துவிடுவார். அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில் நான் டைப்பிஸ்ட். என் முறை பதினொரு மணி வாக்கில் வரும்.

அவர் வளர்த்தது உருளைப்புழு. மண்ணில் வாழும் ரகம். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. அதிலும் ஒரு ரகம் அவருக்குத் தனிச் செல்லம். பிறவியிலேயே தசையில் கோளாறு, இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். திருநெல்வேலியில் சொந்தத் தங்கைக்குக் கல்யாணம் என்றபோது, 'புழு முட்டையிட்டிருக்கிறது, வர இயலாது' என்று தந்தி கொடுத்த மனிதர் அவர். அந்தத் தந்தியை வெட்கத்தோடு தபால் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

புழுத் தட்டுகளை டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். டப்பாவில் என்ன என்று கண்டக்டர் மராத்தியில் கேட்டால், 'கிடே' என்பார். புழு என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த சீட்டில் அவர் மட்டும்தான் இருப்பார்.

ஒரு மே மாதம் கூடத்தில் குளிர்சாதனம் படுத்துவிட்டது. வெயில் ஏறினால் புழுக்கள் முட்டையிடாது. புனேயிலேயே கட்கிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டு என்று நான் எப்போதோ உளறியிருந்தேன். தட்டுகளோடு வந்து இறங்கிவிட்டார். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து வாங்கிய ஃப்ரிட்ஜ் அது. உள்ளே ரொம்பக் குளிர்ந்தாலும் புழுவுக்கு ஆகாதாம். குளிர் அளவைக் குறைத்து, கதவு மூடாமலிருக்க என் செருப்பைச் செருகிவிட்டுப் போனார். இரண்டே நாளில் வீடு மீன் மார்க்கெட்டாக நாறியது.

"சார், பாலு கெட்டுப் போச்சு, மீனு கெட்டுப் போச்சு. உங்க புழு மட்டும் சொகமா இருக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப தேங்க்ஸ்," என்றார் மனதார.

அப்போதுதான் என் தம்பி டேனியல் முன்னறைக்கு வந்தான். இருபத்தாறு வயது. தசை நலியும் வியாதி. எழுந்திருக்க வேண்டுமானால் முழங்காலில் கையூன்றி, தன்னைத்தானே ஏணி போலப் பிடித்து ஏற வேண்டும். விரல்கள் மட்டும் நன்றாக இருந்தன. அக்கம்பக்கத்து டிரான்சிஸ்டர்களை ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். வீட்டுக்கு வருகிற யாரும் அவனைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்.

புழு சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எந்தத் தசையில ஆரம்பிச்சுதுலே?" என்று கேட்டார்.

அம்மா அவனை உள்ளே கூட்டிப்போக எழுந்தாள். டேனியலோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். தொடையா, தோளா என்று இருவரும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசினார்கள். அந்த வாரமே அவனை ஆட்டோவில் அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் தன் செல்லங்களைக் காட்டினார். நல்ல புழுக்கள் அலையலையாக நழுவிப் போக, கோளாறு உள்ளவை நின்ற இடத்தில் உதறிக்கொண்டிருந்தன. டேனியல் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சேம் டு சேம் நம்ம கேஸு" என்று சிரித்தான்.

எண்பதுகளின் கடைசியில், அந்த நடுக்கத்துக்குக் காரணமான ஜீனை வெளிநாட்டில் படித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தசைக்குள் ஒரு பெரிய புரதம், அதில் கைனேஸ் என்றொரு பகுதி. மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, அவை வேலை செய்யும் விதத்தை மாற்றுவது அதன் தொழில். மனிதனின் தசையிலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டாம். அதே ஜீனைத் தேடிக்கொண்டிருந்த புழு சார், தன்னை முந்திக்கொண்டவர்களை அரை மணி நேரம் திட்டிவிட்டு, எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

அன்று கூடத்துக்கு வந்திருந்த டேனியல் ஜிலேபியைத் தொடவில்லை. "அப்ப எனக்கு மருந்து வருமா சார்?"

"ஒனக்கு வராது டேனியல். இது ஒன் வியாதியான்னே தெரியாது. என்னைக்காவது, எங்கேயாவது, எவனுக்காவது பயன்படலாம்."

ஒரு மனிதரிடம் இதைவிடக் கொடுமையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அழுதுவிடுவேன் போலிருந்தது.

டேனியல் யோசித்தான். "அச்சா. அப்ப இங்க எனக்கு எதுனா வேலை குடுங்க."

மெல்லிய கம்பி நுனியால் புழுவை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு மாற்றும் வேலை அது. உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் ஆளெடுக்கும் கமிட்டி ஒப்பவில்லை. சரியாக நடக்க முடியாதவருக்கு வேலை எப்படித் தருவது என்று கேட்டார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். புழு சார் எழுந்து, "இந்த அறையில எல்லாருக்கும் நல்லா நடக்க வருது. ஒருத்தருக்காவது ஒரு புழுவை நசுக்காம எடுக்க வருமா? இவனுக்கு விரல் நடுங்காது. எனக்கு நடுங்க வேண்டியது புழு மட்டுந்தான்," என்றார். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாக அவமானப்படுத்தினார். அவர் உட்கார வேண்டும் என்பதற்காகவே டைரக்டர் கையெழுத்துப் போட்டார் என்று இன்றும் நம்புகிறேன்.

சில மாதங்களில் டேனியலால் பஸ் ஏற முடியாமல் போனது. புழு சார் எங்கிருந்தோ சைட்கார் வைத்த பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பிடித்துவந்தார். தினமும் காலையில் எங்கள் வாசலில் பெரிய கூச்சல். லேட்டு, சோம்பேறி, புழுவெல்லாம் பட்டினி என்று தெருவே கேட்கத் திட்டிக்கொண்டே டேனியலைத் தூக்கி உட்காரவைப்பார். வாய் ஓயாது. ஆனால் அவன் முதுகு நன்றாகச் சாய்ந்துவிட்டதா என்று தெரிகிறவரை கையை எடுக்கமாட்டார்.