ஊமையின் மடியில் முந்திரிக்கொத்து

சபதம் போடுவதற்கென்று ஒரு வயது இருக்கிறது. எனக்கு அது பத்தொன்பதில் வந்தது. வந்த வேகத்தில் அத்தானின் வேலையையும் என் விலா எலும்பையும் சேர்த்துக் கொண்டுபோகப் பார்த்தது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கம். தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று தினமும் கூட்டம். சாலையில் போலீஸ் லாரி நின்றால் அம்மா என்னை அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபைக் கோயிலின் படியில் நாங்கள் நான்கு நண்பர்கள் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். எல்லை முடிவாகும்வரை எங்கள் வாயிலிருந்து ஒரு மலையாள வார்த்தை வரக்கூடாது. பாதிப் பேச்சு மலையாளத்தில் நடக்கிற ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஒரு புத்தி தோன்றியிருக்காது. (நெய்யாற்றின்கரைச் சந்தையில் ஒரு மாதம் விரலை நீட்டியே மீன் வாங்கினேன். விரல் நீட்டியது அயிலைக்கு, கிடைத்தது சாளை.)

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. என்னை ஊரில் வைத்திருக்க அம்மாவுக்குப் பயம்.

"எலே, அக்காளுக்க வீட்டுக்குப் போ. காட்டுக்குள்ள கெடந்தா ஒரு போலீசும் தேடி வரமாட்டான்" என்றாள். ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்தும் தந்தாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரித்த அந்தப் பலகாரம் இல்லாமல் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது.

அத்தான் வனத்துறையில் கார்டு. காட்டாக்கடைக்கு அப்பால், மலையடிவாரக் காட்டில் அவருக்குக் குவார்ட்டர்ஸ். குழியில் விழுந்ததும் தாயை இழந்ததுமான மிருகங்களைக் கொண்டுவந்து வளர்க்கிற இடம் அது. காலொடிந்த மிளாமான் ஒன்று, கரடிக்குட்டி ஒன்று, பழைய குழியிலிருந்து கயிறு கட்டி எடுத்த ஒரு யானைக்குட்டி. அதற்கு லச்சுமி என்று பேர். குட்டி என்பது மரியாதைக்குத்தான். அதன் முதுகு என் தோளுக்கு வந்தது.

போய்ச் சேர்ந்த அன்றே அத்தான் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"மக்கா, நாளைக்கு ரேஞ்சர் வருவாரு. போராட்டக்காரன் ஒருத்தன் எனக்க வீட்டுல உண்டுண்ணு தெரிஞ்சா எனக்க வேலை பெயிரும். அவரு என்ன கேட்டாலும் மலையாளத்துல ரெண்டு வார்த்தை சொல்லு, போரும்."

"முடியாது அத்தான். சத்தியமாக்கும்."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு, கைக்குழந்தையோடு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். (அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்கு அது ஒரு வெற்றியாகத் தெரிந்தது.)

மறுநாள் காலை ரேஞ்சர் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கையில் பிரம்பு, சிரிக்காத முகம். லச்சுமி நின்ற மரத்தடியில் என்னைக் கண்டதும் நின்றார்.

"எந்தா பேரு? எவிடெயா ஸ்தலம்?"

நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி கேட்டார். பிரம்பு காலில் தட்டத் தொடங்கியது. அத்தானின் நெற்றியில் வியர்வை.

"ஊமயாணு சாரே" என்று சொல்லிவிட்டார் அத்தான். "எனக்க அளியன்" என்று மைத்துனன் உறவையும் சேர்த்துச் சொன்னார்.

ரேஞ்சர் என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தார். நானும் உடனே பதவியேற்றுக்கொண்டு, "ப்பே" என்றேன். பிறவி ஊமைகூட அவ்வளவு மோசமாக ஊமையாக இருக்கமாட்டான்.

அந்த நேரத்தில்தான் என் இடுப்பில் ஏதோ ஈரமாகப் பட்டது.

லச்சுமியின் துதிக்கை. காலையில் அக்காவுக்குத் தெரியாமல் நாலு முந்திரிக்கொத்தை வேட்டி மடியில் சொருகியிருந்தேன். கருப்பட்டி வாசனை யானைக்குத் தெரியாமல் இருக்குமா? துதிக்கை மடிக்குள் நுழைந்து ஒன்றை எடுத்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது முதுகுப் பக்கம் நழுவிவிட்டது. அதைத் தேடி லச்சுமி நெற்றியால் என்னை மரத்தோடு சேர்த்து வைத்து அழுத்தினாள்.

மூச்சு நின்றது. பாகன் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். ரேஞ்சர் மிளாவின் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் மட்டும் என்னைக் கண்டார். கத்தாதே என்று அவர் கண் கெஞ்சியது. ஓடிவந்து லச்சுமியின் காதைப் பிடித்து இழுத்தார், அவள் அசையவில்லை. நான் "ப்பே, ப்பே" என்றேன். அவள் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தாள். விலாவில் ஏதோ நெரிந்தது. சாகப் போகிறேன், அதுவும் ஊமையாகச் சாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

"அய்யோ சாரே! ஓடி வரணே! ஈ ஆனயெப் பிடிச்சு மாற்றணே! என்னெக் கொல்லுந்நே!"

காடு முழுக்கக் கேட்டது. ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த மலையாளம், திருவனந்தபுரத்துக்காரர்களே வெட்கப்படும்படி அவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தது.

பாகன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஓர் அதட்டுப் போட, லச்சுமி பின்வாங்கினாள். நான் சரிந்து உட்கார்ந்தேன். வேட்டி அவள் காலடியில் கிடந்தது. ரேஞ்சர் மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினார்.

"இவன் ஊமயல்லே?"

அத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை. வேலை போயிற்று, வீடு போயிற்று, அக்காவும் பிள்ளையும் தெருவில் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

சட்டென்று அக்கா குழந்தையோடு முழங்காலில் விழுந்தாள்.

"கர்த்தாவே, ஸ்தோத்திரம்! எனக்க தம்பி வாயத் திறந்தானே! பத்தொம்பது வருஷத்துக்குப் பெறவு வாயத் திறந்தானே!"

உண்மையான கண்ணீர். பயத்தில் வந்ததுதான், ஆனால் பார்க்க நன்றிக் கண்ணீர் போலவே இருந்தது. ரேஞ்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிச்ச முந்திரிக்கொத்தை மென்றுகொண்டிருந்த லச்சுமியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு யானையைக் கும்பிட்டார். "கணபதியுடெ கிருப" என்றார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். தண்டனை அப்போதுதான் தொடங்கியது. புதிதாக வாய் வந்தவனுக்குப் பேச்சுப் பழக்க வேண்டும் அல்லவா? அடுத்த மூன்று நாளும் ரேஞ்சர் காலையில் வந்து, என்னை முக்காலியில் உட்கார்த்தி, குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல் மலையாளம் சொல்லித்தந்தார்.

"பறயூ" என்பார், சொல்லு என்று. "ஆ... ன."

"ஆ... ன."

"மிடுக்கன்!" என்று தட்டிக்கொடுப்பார்.

விலாவில் கட்டோடு, சபதம் போட்ட வாயால், ஒரு நாளைக்கு நூறு தடவை 'ஆன' சொன்னேன். அத்தான் அடுக்களையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

ஊருக்குக் கிளம்பிய அன்று ரேஞ்சர் பாதைவரை உடன் வந்தார். திரும்பும் முன் என் தோளில் கை வைத்து, எங்கள் தமிழிலேயே சொன்னார்.

"தம்பி, எனக்க அம்மைக்க ஊரு தக்கலையாக்கும். நீ ஊமையில்லேண்ணு மொத நாளே எனக்குத் தெரியும். உனக்க அத்தான் நல்ல வேலைக்காரன், அவனுக்க சோத்துல மண்ண வாரிப் போடாதே, கேட்டியா?" கொஞ்சம் நடந்தவர் திரும்பினார். "இனி ஊமையா வரும்ப மடியில பலகாரம் வச்சிட்டு வராதே."

பேருந்து ஏறும்வரை என் வாய் திறக்கவில்லை. இந்த முறை நடிக்கவில்லை.

பிறகு எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று நான் சாப்பிடவில்லை, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்த அக்கா, முந்திரிக்கொத்துத் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, சிரிக்காத முகத்தோடு, "பறயூ" என்றாள். வீடே காத்து நின்றது. சிரித்துக்கொண்டே அழுதபடி "ஆன" என்றேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் அந்தத் தட்டும் அந்த வார்த்தையும்தான் வருகின்றன. கிறிஸ்துமஸ் காலையில் அதைச் சொல்லாமல் எனக்கு மட்டும் ஒன்றுகூடத் தருவதில்லை. நானும் சொல்லிவிட்டு, மறக்காமல் கையிலேயே வைத்துத் தின்கிறேன்.