தளபதியின் முதுகு நாடா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாத இதழின் இருபத்தேழு ஆண்டுச் சந்தாதாரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், துணையாசிரியர்களும், ஓவியரும், ஒவ்வொரு மாதமும் என் முகவரியை ஏதாவது ஓர் எழுத்துப் பிழையோடு உறையில் எழுதுகிறவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம். அதாவது, இப்போது சௌக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தேன். அதற்குத் தங்கள் இதழும், அதில் வரும் தொடர்கதையும், முக்கியமாக அக்கதையின் நாயகன் அணியும் கோட்டும் காரணம் என்பதைத் தெரியப்படுத்தவே இக்கடிதம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்தில், பழங்கால உடைக்கூடத்தில், முப்பத்தொரு வருடம் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பத்து மூன்று கண்ணாடிப் பெட்டிகள், நாற்பத்து மூன்று தலையில்லாத பொம்மைகள், ஒரு ஸ்டூல். பேச வேண்டிய வசனம் மொத்தம் மூன்றுதான்: "தொடாதீங்க", "ஃபிளாஷ் போடாதீங்க", "கழிப்பறை இடது பக்கம்". மீதி நேரமெல்லாம் தங்கள் இதழ்தான். கண்ணுக்கு எதிரே முந்நூறு வருஷத்துக்கு முந்தின மனுஷங்க சட்டை, கையிலே மூவாயிரம் வருஷத்துக்கு அப்புறம் வரப்போற மனுஷங்க கதை. நிகழ்காலத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஸ்டூல் மட்டும்தான். ஆகவே மந்திரவாதிகளைப் பற்றியும் விண்கலங்களைப் பற்றியும், கூடவே பொத்தான், கொக்கி, நாடா, உள்பாவாடை இவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தொடரில் வரும் தளபதி, அணைந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் தன்னந்தனியாக ஒரு விண்கலத்தில் ஏழு வருடமாகக் காவல் இருக்கிறார். நல்லது. ஓவியர் அவருக்கு அந்தக் காலத்துப் படைத்தலைவர்களின் உடைபோல உயர்ந்த காலர் வைத்த நீலக் கோட்டு போட்டிருக்கிறார். அதுவும் நல்லது. ஆனால் அந்தக் கோட்டு முதுகில் திறக்கிறது. இருபத்திரண்டு துளைகள், பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். அதில் குறுக்கும் நெடுக்குமாக நாடா. ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தன்னந்தனியாக இருக்கிற ஆளுக்கு முதுகில் நாடா கட்டிவிடுவது யார்? இயந்திர மனிதன் என்று சொல்லாதீர்கள், அதன் கைகள் இரண்டும் மூன்றாம் அத்தியாயத்திலேயே உருகிவிட்டன.

இந்தக் கேள்வியோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதி யாரை விட்டது? "வாசகர் சந்திப்பு, ஞாயிறு காலை பத்து மணி, பிடித்த பாத்திரத்தின் உடையில் வரலாம்" என்று தாங்கள் அறிவிப்புப் போட்டீர்கள். எனக்கு ஓய்வு பெற்ற பிறகு காலை பத்து மணிக்குப் போக ஓர் இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. திரைச்சீலைத் துணி வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துத் தையல்காரரிடம் போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது கோட்டா, சோபா உறையா?" என்றார். ரோஷம் வந்துவிட்டது. நானே தைத்தேன். பதினேழு நாள். விரலில் ஊசி குத்தாத இடம் பாக்கியில்லை. ஆனால் கோட்டு, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, எங்க உடைக்கூடத்துப் பெட்டியில் வைத்தால் பக்கத்துப் பொம்மை பொறாமைப்படும்.

ஞாயிறு காலையில் பனியன்மேல் கோட்டை மாட்டினேன். முன்பக்கம் ராஜா, பின்பக்கம் காற்றாட. நாடாவின் இரண்டு நுனியையும் வாசல்கதவுக் கைப்பிடியில் கட்டி, நான் முன்னால் நடந்தால் தானாக இறுகும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், தாழ்ப்பாள்தான் சரியில்லை. ஒரு இழுப்பு இழுத்தேன், கதவு படாரென்று திறந்தது, நான் போய் சோபாவில் குப்புற விழுந்தேன். அந்த நேரம் பார்த்தா தண்ணி கேன் போடுறவர் வாசல்ல நிக்கணும்? தோள்ல கேன், மணியடிக்க நீட்டின விரல் அப்படியே அந்தரத்துல. "சார், யாராவது கட்டிப்போட்டுட்டுத் திருடிட்டுப் போயிட்டாங்களா? போலீஸைக் கூப்பிடவா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, வந்து இதைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிடு" என்றேன். மனுஷன் ஒரு வார்த்தை ஏன் எதுக்குன்னு கேக்கல. கேனை இறக்கி வெச்சு, முழங்காலை என் முதுகுல ஊன்றி, வண்டியில கேனைக் கட்டுற மாதிரி கட்டினார். "நான் போட்ட முடிச்சு இதுவரைக்கும் ரோட்டுல அவிழ்ந்ததே இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது.

பஸ்ஸில் ஏறினேன். உட்கார முடியவில்லை, குனிய முடியவில்லை, காலர் காதைத் தொடுகிறது. விறைப்பாக நின்று எல்லாரையும் பார்த்தேன், வேறெங்கே பார்ப்பது, கழுத்துத் திரும்பினால்தானே? டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து மூன்று பேர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடினார்கள். நாலாவது ஆள் ஓடத் தெம்பில்லாமல் என்னிடமே வந்து, "சார், பர்ஸை மறந்துட்டேன், இந்த ஒரு தடவை" என்றார். "தொடாதீங்க" என்றேன். பழக்கதோஷம்.

மண்டபத்துக்குப் போனால் வாசலில் பூங்கொத்து, உள்ளே ஐம்பது அறுபது பேர், ஆனால் ஒருத்தர்கூட வேற்றுக்கிரகவாசி இல்லை. எல்லாரும் முழுக்கைச் சட்டை. தண்ணீர் வடிகால் அலுவலகத்துக் கணக்கருக்குப் பணிநிறைவு விழாவாம். வாசகர் சந்திப்பு அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே நடந்து முடிந்துவிட்டதாம். ஐயா, ஞாயிறு என்று போட்டீர்களே, எந்த ஞாயிறு என்று போட வேண்டாமா? நான் திரும்புவதற்குள் ஒரு அம்மா கையைப் பிடித்து, "மேஜிக்காரர் வந்தாச்சு!" என்று கத்திவிட்டார். அவர்கள் சொல்லிவைத்த மேஜிக்காரர் வரவே இல்லை, அவருக்கு வைத்திருந்த வரவேற்பெல்லாம் எனக்குக் கிடைத்தது. ஓய்வு பெறுகிறவர் பக்கத்தில் என்னை நிற்கவைத்து இருபது போட்டோ. கடைசியில் எல்லாரும் சாப்பிடப் போனதும் அந்த மனுஷர் மட்டும் என் காதருகே, அதாவது காலரருகே குனிந்து, "நாளைக்குக் காலையில எந்திரிச்சு என்ன சார் பண்றது? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியும் சார். எனக்கா தெரியாது? நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் குளித்து, சீருடையைத் தேடி, அது இல்லை என்று ஞாபகம் வந்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு அலமாரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி வரைக்கும். உள்ளே என்னோட சட்டைங்கதான். தொடாதீங்கன்னு சொல்லக்கூட ஒரு ஆள் வரல. இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? "மெதுவா எந்திரிங்க" என்றேன். அவர் ஏதோ பெரிய வித்தை பார்த்த மாதிரி தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து நாடாவை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். எட்டவில்லை. மேலிருந்து போனேன், கீழிருந்து போனேன், குளியலறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கரண்டிக்காம்பால் நெம்பினேன். எருமை மரத்தில் உரசுகிற மாதிரி கதவு நிலையில் உரசினேன். கத்தரிக்கோல் இருந்தது, ஆனா பதினேழு நாள் உழைப்பை வெட்ட மனசு வரலை. அக்காவுக்குப் போன் போட்டேன், அவள் இருப்பது ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில். "அக்கா, முதுகுல ஒரு முடிச்சு விழுந்துடுச்சு" என்றேன். "வலிக்குதாடா? தைலம் தேய்." "தைலம் தேய்க்கறதுக்கும் அதே கைதானே அக்கா வேணும்?" "அப்பவே ஒருத்தியைக் கட்டிக்கோடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள். "முடிச்சு அவிழ்க்கறதுக்கா?" என்றேன். "வேற எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சின சத்தம் கேட்டது. ஜலதோஷமாக இருக்கலாம்.

நாற்காலியில் சாய முடியாமல் நுனியில் உட்கார்ந்து யோசித்தேன். முப்பத்தொரு வருஷம் அந்த உடைகளைப் பார்த்தவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எங்க கூடத்தில் சீமாட்டி உடையெல்லாம் முதுகில் திறக்கும், ஏனென்றால் கட்டிவிட ஆள் இருந்தது. பாத்திரம் தேய்த்தவள் உடை முன்னால் திறக்கும், ஏனென்றால் அவளே போட்டு அவளே கழற்ற வேண்டும். என் அலமாரியைத் திறந்து பார்த்தேன் சார். எல்லாம் முன்னால பொத்தான். ஒண்ணுகூட விதிவிலக்கு இல்ல.

மணி நாலானது. எதிர்வீட்டில் பல் டாக்டரம்மா இருக்கிறார். பதினொரு வருஷம் எதிரெதிர் வாசல். இதுவரை நாங்கள் பேசியது, "லிஃப்ட் வருதா?" "வரலை." அவ்வளவுதான். மணியடித்தேன். திறந்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் திரும்பி முதுகைக் காட்டினேன்.

"இது எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"காலையிலேருந்துங்க."

"உக்காருங்க." ஸ்டூலில் உட்காரவைத்து, பையிலிருந்து பல் நோண்டுகிற வளைந்த ஊசியை எடுத்தார். "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். "கோட்டுக்கு வலிக்காதுங்க" என்றேன். "அட, வாய்ல வந்துடுச்சு" என்று சிரித்தார். முடிச்சு அவிழ இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் எதற்கு இந்தக் கோட்டு என்று கேட்டார். தளபதியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். முடிச்சு அவிழ்ந்தது, கதை முடியவில்லை. தேநீர் வந்தது. "சரி, அந்த நட்சத்திரம்தான் அணையப்போகுதே, அப்புறமும் அவர் ஏன் ஊருக்குத் திரும்பல?" என்றார். ஐயா, இருபத்தேழு வருஷமாகத் தங்கள் இதழைப் படிக்கிறேன். அதில் வந்த ஒரு கதையைப் பற்றி இன்னொரு மனுஷர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த அத்தியாயத்திலிருந்து தளபதியின் கோட்டுக்கு முன்பக்கம் பொத்தான் வைக்க வேண்டும். அல்லது, நாடாதான் வேண்டும் என்று ஓவியர் பிடிவாதம் பிடித்தால், விண்கலத்துக்கு இன்னொரு ஆளை அனுப்பிவைக்க வேண்டும். ஒரு சமையல்காரராவது போதும். இரண்டும் முடியாது என்றால் என் சந்தாவை இம்மாதத்தோடு நிறுத்திவிடலாம். இருபத்தேழு வருட உறவு முறிவதில் எனக்கு வருத்தம்தான், என்றாலும் நியாயம் நியாயம்தான்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பு. ஓவியருக்கும் அன்பு, கொஞ்சம் குறைவாக. இதழ் நூறாண்டு வாழட்டும், எழுத்துப் பிழைகள் அவ்வளவு காலம் வாழ வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
முன்னாள் காவலாளி, பழங்கால உடைக்கூடம்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். பிழை திருத்தித் தரச் சொல்லி இக்கடிதத்தையும் இதழ்களையும் டாக்டரம்மாவிடம் கொடுத்திருந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. நான் அப்படியே தாண்டிப் போயிருக்கிறேன். அவர் நகத்தால் பிரித்துப் படித்துவிட்டு வந்து காட்டினார். "முதுகு நாடா வெறும் அலங்காரம், கோட்டு இடுப்போரம் கொக்கியால் மூடும்" என்று அதில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. சந்திப்பு எந்த ஞாயிறு என்கிற அறிவிப்பும் அங்கேயேதான் இருக்கிறது. மன்னிக்கவும்.

சந்தாவையும் நிறுத்த வேண்டாம். இரண்டாக்கிவிடுங்கள். டாக்டரம்மாவுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, ஒன்றாம் தேதி வீடு மாறுகிறார். நான் மணியடித்த அன்றைக்கே வீட்டில் பாதிச் சாமான் பெட்டியில்தான் இருந்ததாம், நான் கவனிக்கவில்லை. அவருடைய புது முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அதிலாவது பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதியும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அவர் முதலில் படித்துவிட்டு, எனக்குப் போன் போட்டுக் கதையை முன்கூட்டியே சொல்லிவிடும் அபாயம் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், அவருக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.