குனிந்தால் ஒரு பிடி அரிசி

தன்னை அறிவாளி என்று நம்புகிற ஆளிடம் குரங்கை வளர்க்கக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

பினாங்கில் ஜப்பான்காரன் காலம். வாத்தியார் வேலை போய்விட்டது. ஊரே மரவள்ளிக்கிழங்குக்கு அலைய, நான் குரங்கு மூளை எப்படி மனித மூளையானது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். (வயிறு காய்ந்தாலும் திமிர் காயவில்லை.) தீவின் மறுகோடியில் பாலிக் புலாவ் ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் தந்த குட்டிக் குரங்குதான் ஆராய்ச்சிக்கூடம். பெயர் சின்னையா.

அந்த நேரம் பார்த்துத் தங்கை கமலாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வேளையாவது அரிசிச் சோறு போட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அரிசி கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு நண்பரிடம் இருந்தது. கொண்டுவருவதுதான் பாடு. படகுத்துறையில் ஜப்பான் சிப்பாய் நிற்பான், அரிசியோடு பிடிபட்டால் தோலை உரித்துவிடுவான்.

என் அறிவு விழித்துக்கொண்டது. சிப்பாய்க்கு எல்லாரும் குனிந்து வணக்கம் வைத்தாக வேண்டும். கூடவே குரங்கும் வைத்தால்? சிரிப்பில் சோதனையை மறந்துவிடுவான்.

பயிற்சி தொடங்கியது. நான் குனிந்து காட்டுவேன். சின்னையாவும் குனிந்தால் சட்டைக்குள் வைத்திருக்கும் கிழங்குத் துண்டு அதற்கு. அது குனியவில்லை. நான் குனியும்போது கழுத்து வழியாகக் கையை விட்டுத் தானே எடுத்துக்கொண்டது. கடைசியில் ஒருநாள் தலையைத் தாழ்த்தியது. வெற்றி என்று அறிவித்தேன். (பேன் பார்த்திருக்கும்.)

அரிசிப் பையைச் சட்டைக்குள் வயிற்றில் கட்டி, சின்னையாவைத் தோளில் வைத்துக்கொண்டு படகை விட்டு இறங்கினேன். சிப்பாய் முன்னால் குனிந்தேன். சின்னையா சட்டைக்குள் கையை விட்டது. ஒரு பிடி அரிசியை எடுத்து முகர்ந்து பார்த்தது. கிழங்கு இல்லை என்றதும் சிப்பாயின் பூட்ஸ் மேல் வீசியது.

சிப்பாய் அரிசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினான். குனிந்தேன். இன்னொரு பிடி. மற்ற சிப்பாய்களையும் கூப்பிட்டான். பை காலியாகும்வரை குனிந்தேன். முடிவில் எனக்கு ஓர் அறை, சின்னையாவுக்கு ஒரு பிஸ்கட்.

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கமலா அழுதாள். நடந்ததைச் சொல்லச் சொல்ல, அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

"நீ எங்கேண்ணே கொரங்கைப் படிச்ச? அதுதான் உன்னைப் படிச்சிருக்குலா."

கல்யாணச் சாப்பாடு கிழங்குதான். மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பின்னாளில் என் கல்யாணத்தில் நான் பெரியவர்கள் காலில் விழக் குனிந்தபோது, அத்தனை பேர் முன்னால் என் சட்டைக்குள் கையை விட்டு, "அரிசி இருக்கா மச்சான்?" என்றார்.

இப்போது முதுகு வலி, நான் குனிவதே அபூர்வம். போன வாரம் கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை கழுத்து வழியாக இறங்கியது. என் பேத்தி, இன்னும் பேச்சுகூட வரவில்லை. அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்று கமலா சாதிக்கிறாள்.