பாஷையைக் காப்பாற்ற வந்த ரெக்கார்டர்

மதுரையில் சௌராஷ்டிர பாஷையைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் நுழைந்த தெருவில் ஒருவரும் அந்தப் பாஷையைப் பேச மாட்டார்கள்.

நம்பாதவர்கள் மகால் பக்கத்துத் தெருக்களில் விசாரித்துப் பார்க்கலாம். காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள் எங்கள் பாஷையில் உற்சாகமாக வம்பளந்துகொண்டிருப்பார்கள். தெருமுனையில் ஒரு பழைய மொபெட் இருமிக்கொண்டே திரும்பும். வாசலுக்கு வாசல் கண்ஜாடை பறக்கும். மறு நொடியே தெரு முழுக்கத் தமிழுக்கு மாறிவிடும். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தில்ல?" என்று ஒருத்தி கேட்பாள். "ஆமா, ரொம்ப ஜாஸ்தி" என்று மார்கழி மாதத்தில் இன்னொருத்தி பதில் சொல்வாள்.

எங்கள் முன்னோர்கள் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பார்கள். பல தலைமுறைகளாக எங்களுக்கு வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். அந்த வீட்டுப் பாஷைக்கு எழுத்து இருந்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். வாயில் இருக்கிறவரைதான் அதற்கு ஆயுள். ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற இவர், மிச்சமிருக்கிற வார்த்தைகளையெல்லாம் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கினார். அன்று முதல் அவர் பெயர் ரெக்கார்டர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் கேட்டுப் பார்த்தார். எங்கள் பெரியம்மா ஒருவரின் முன்னால் கருவியை வைத்து, "சாதாரணமா பேசுங்க" என்றார். பெரியம்மா உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, தொண்டையைச் செருமி, தமிழில் பொங்கல் வாழ்த்துச் சொன்னார். அப்போது ஆடி மாதம். அடுத்த வீட்டு மாமாவோ கோர்ட்டில் சாட்சி சொல்கிற குரலில் தன் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ரெக்கார்டருக்கு ஞானம் பிறந்தது தெருக்குழாயடியில். இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களெல்லாம் மறந்தே போயிருந்த வார்த்தைகள் அந்த இரண்டு வாயிலும் அருவியாகக் கொட்டின. இவர் நடுவில் போய் நின்று கருவியை நீட்டினார்.

"அக்கா, அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டான்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சண்டை அந்த நொடியே தீர்ந்தது. ஆளுக்கொரு குடமாக இரண்டு குடத் தண்ணீரும் அவர் தலையில் இறங்கியது. அவரோ கருவியை மட்டும் நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆனந்தமாக வீடு திரும்பினார்.

"தம்பி, மனுசனுக்குக் கோவம் வந்தாத்தான் அவன் சொந்த பாஷை வெளிய வரும். சந்தோசத்துல சினிமா வசனம்தான் பேசுவான்" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து ஊரைக் கோபப்படுத்துவதே அவருடைய முழுநேர வேலையாயிற்று. வாசலில் கிடக்கிற செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து எதிர் வீட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். ஒரு கல்யாணத்தில் தலைமைச் சமையல்காரரின் கரண்டியை ஒளித்து வைத்துவிட்டார். பந்தி நேரம். சமையல்காரர் அண்டாவிலிருந்து அரிகரண்டி வரை ஒவ்வொரு பாத்திரத்தையும் அதன் பழைய பெயரால் குறிப்பிட்டு, எதை எதை இவர் தலையில் எப்படிக் கவிழ்க்கப் போகிறார் என்று விளக்கினார். எங்கள் பாஷையின் பாத்திரப் பெயர்கள் இன்று முழுமையாகப் பத்திரமாக இருப்பதற்கு அந்தக் கல்யாணமே காரணம். ஆனால் அதற்குப் பிறகு ரெக்கார்டருக்கு யாரும் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை.

கடைசியில் அவருக்குப் பயப்படாமல் பேசியவர் ஒரே ஒருவர்தான். தெருமுனை டீக்கடைக்காரர். உசிலம்பட்டிப் பக்கம் எழுமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் தெருவில் இருபது வருடம் டீ ஆற்றி, எங்கள் பாஷையை எங்களைவிட வேகமாகப் பேசுகிறவர்.

"என்னண்ணே, இம்புட்டுப் பேரு இருக்கையில எங்கிட்டயே வந்து மைக்க நீட்டுறீக? நான் எழுமலைக்காரன்ணே!"

"நீ பேசுப்பா. எங்க ஆளுக எவனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

"நீங்க காப்பாத்த வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் நல்லாத்தாண்ணே பேசிக்கிட்டு இருந்தாக."

நாளைக்கு யாராவது இந்தச் சேகரிப்பை ஆராய்ந்தால், மதுரைச் சௌராஷ்டிரர்கள் அனைவரும் உசிலம்பட்டி வழியாகத்தான் வந்தார்கள் என்று முடிவுகட்டக்கூடும்.

இதற்குள் நான் ஊர்க்கோடியில் இருக்கிற விளாங்குடிக்குக் குடிபெயர்ந்திருந்தேன். ரெக்கார்டர் அவ்வளவு தூரம் வரமாட்டார் என்று நம்பினேன். என் வீட்டில் அவருக்குப் பிடிக்காத ஒரு சட்டம் வேறு அமலில் இருந்தது. என் மகள் மூன்று வயது வரை பேசவில்லை. இரண்டு பாஷை கேட்டால் குழந்தை குழம்பும் என்று யாரோ சொல்ல, நான் நடுங்கிப்போய், இனி வீட்டில் தமிழ் மட்டும் என்று அறிவித்துவிட்டேன். நான் அப்படித்தான். மகள் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை நான்கு முறை போன் செய்கிறவன். அவள் பேச ஆரம்பித்தாள், பேசித் தள்ளினாள். ஆனாலும் சட்டத்தை நீக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எங்கள் பாஷையை நானும் என் மனைவியும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வைத்துக்கொண்டோம். மகளுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை அவள் எதிரிலேயே பேசிக்கொள்வதற்கு.

ரெக்கார்டர் விளாங்குடிக்கும் வந்து சேர்ந்தார்.

"எங்கிட்ட கோவம் நெறய சேந்துபோச்சு தம்பி. பயம்தான் இல்ல. பயத்துல வர்ற வார்த்தை ஒண்ணுகூடக் கெடைக்கல. அதான் உங்க ஞாபகம் வந்துச்சு."

"என் ஞாபகம் எதுக்குண்ணே?"

"உங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நீங்க பயத்துக்குன்னே பொறந்தவரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "பாம்பு!" என்று கத்தினார். நான் வாளியை உதைத்துவிட்டு, "ஐயோ!" என்று அலறி வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிக் கருவியை அணைத்தார். "என்ன தம்பி இது? ஐயோ எல்லாப் பாஷையிலயும் இருக்கே."

வாராவாரம் வந்தார். வாராவாரம் ஏமாந்தார். என் மனைவி மட்டும் காபி கொடுத்து அனுப்புவாள்.

அந்தப் பங்குனியில் நிஜமாகவே பயம் வந்தது. மாடிப்படி ஏறும்போது எனக்கு நெஞ்சை அடைத்தது. சோதித்துப் பார்த்த டாக்டர், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார். மகளுக்கோ பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். நான் டாக்டரிடம் கெஞ்சினேன். மாத்திரைகளைக் கொடுத்து, "பத்து நாள். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கூடாது" என்றார். அவளுக்குத் தெரிந்தால் பரீட்சை போய்விடும் என்பதுதான் என் கவலையெல்லாம். பத்து நாள் போவதற்குள் நானே போய்விடுவேன் என்பது என் மனைவியின் கவலை.

ஒரு ஞாயிறு பிற்பகல். மகள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் நாங்கள் எங்கள் பாஷையில் கிசுகிசுத்தோம். எந்த மருத்துவமனை, யார் கையெழுத்துப் போடுவது, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளை யார் காலேஜில் சேர்ப்பது என்றெல்லாம் பேசினோம். என் மனைவி வாயில் முந்தானையை வைத்து அழுதாள். அவள் அப்போது சொன்ன வார்த்தைகளை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல் ரெக்கார்டர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் கருவி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாசல் வழியாக அவரை உள்ளே இழுத்து வந்தேன். பிறகு நான் பேசியதை வாரப் பத்திரிகையில் அச்சிட முடியாது. முழுக்க எங்கள் பாஷையில்தான் வந்தது. அவருடைய இத்தனை வருடச் சேகரிப்பில் இல்லாத அளவுக்கு வந்தது. அவர் வாய் கோணி, கண் நிறைந்து, நின்றபடியே நின்றார். கருவியை அணைக்கவும் மறந்துவிட்டார்.

"அப்பா, அவரத் திட்டாதீங்க. இப்படிக் கத்துறது உங்க நெஞ்சுக்கு ஆகாது."

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். அவள் சொன்னது எங்கள் பாஷையில்.

"உனக்கு..." என்றேன்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே தெரியும்பா. எனக்குத் தெரிஞ்சா நீங்க இன்னும் பயப்படுவீங்கன்னுதான் சொல்லல."

ஒரு பாஷையை மறைத்துப் பேசுவதற்கென்றே ஒதுக்கி வைத்தால், அந்த வீட்டுப் பிள்ளை வேறெந்தப் பாடத்தையும் அவ்வளவு கவனமாகக் கேட்காது என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. பிற்பாடு கேட்டுப் பார்த்தோம். நிலாவுக்கும் பூவுக்கும் எங்கள் பாஷையில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வராதது, சொந்தக்காரப் பெண் ஓடிப்போனது, ரத்த அழுத்தம், அவளிடம் சொல்லாதே: இவையெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் கவலைகள் மொத்தமும் அவளிடம் வாய்மொழியாகவே போய்ச் சேர்ந்திருந்தன.

ஒரு பதினேழு வயதுப் பெண் எங்கள் பாஷையில் வாய் திறந்து பேசியதைக் கேட்டால் ரெக்கார்டர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவர் கையிலிருந்த கருவியை ஒரு முறை பார்த்தார். அணைத்தார். பிறகு எங்கள் மூவர் முன்னாலும் பொத்தான்களை அமுக்கி, அன்று பதிவான அத்தனையையும் அழித்தார்.

"இது வீட்டுப் பேச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் போய் மொபெட்டை உதைத்தார்.

கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். யார் சொன்னார்களோ, ரெக்கார்டர் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாராம். என் மனைவியிடமும் மகளிடமும் பேசாமல், தள்ளியிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "நல்லா இருக்காரு" என்று நர்ஸ் சொன்னதும் எழுந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு விளாங்குடிப் பக்கமே அவரைக் காணோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மொபெட் மாதிரி ஏதாவது வண்டி இருமினால் என் மனைவி காபிக்குப் பால் வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

ஐந்தாவது வாரம் மகளை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றேன். அவர் குடியிருப்பது மாடியில். செங்குத்தான குறுகலான படி. கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். படியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

அப்புறம் ஆரம்பித்தார். நெஞ்சில் கம்பியை வைத்துக்கொண்டு மாடி ஏறி வருகிறவனுக்கு மூளை எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி, அவனைப் படியேற விட்ட மகளுக்கும் கொஞ்சம் கொடுத்து, அவனைப் பெற்றவர்கள், படிக்க வைத்தவர்கள், வைத்தியம் பார்த்தவர்கள் என்று ஒருவரையும் விடாமல், நல்ல கெட்டியான சௌராஷ்டிரத்தில் திட்டிக்கொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மின்விசிறியைப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். திட்டு நிற்கவில்லை.

என் அப்பா போன பிறகு இந்தப் பாஷையில் என்னை யாரும் திட்டியதில்லை. நான் குறுக்கே பேசாமல், நிதானமாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.