வீட்டுக்குள் பதினாலு கிலோமீட்டர்

கோதண்டராமனின் வேட்டி நுனி உடற்பயிற்சி மெஷினுக்குள் மாட்டிக்கொண்டது. இறங்கவும் முடியவில்லை, ஏறி மிதிக்கவும் முடியவில்லை. ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு "சரோஜா" என்று கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் சமையலறையிலிருந்து அவர் மனைவி சரோஜா வந்தாள். வந்தவள் பதறவெல்லாம் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து, வேட்டியில் ஒரு முழத்தை வெட்டி விட்டு அவரை இறக்கினாள்.

"பேன்ட் போட்டுக்கிட்டு ஏறுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்."

"கிரிவலம் போறவன் பேன்ட் போட்டுக்கிட்டா போவான்?" என்றார் கோதண்டராமன்.

கிரிவலம் போகிறவர்களில் பாதிப் பேர் பேன்ட்டில்தான் போகிறார்கள். அது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒரு தடவையாவது முழுசாகப் போயிருக்க வேண்டும்.

மனிதர் தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தாறு. காலை ஒன்பதரைக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் அந்த நாற்காலிதான். 'அருணை பௌர்ணமி நடைக் குழு'வில் நாலு வருஷமாக மெம்பர். குழுவில் நாற்பது பேர். அவர்கள் கோயிலிலிருந்து கிளம்பி மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடந்து கிளம்பின இடத்துக்கே வந்து சேருவார்கள். இவர் கோயில் வரைக்கும் போக மாட்டார். ரமணாசிரமத்துப் பக்கம் தன் தெருமுனையில் நின்றுகொண்டு, கூட்டம் வரும்போது நடுவில் புகுந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வார். எம லிங்கம் வரைக்கும் நடப்பார். அங்கே ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஒதுங்குகிறவர் நேரே வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டுப் படுத்துவிடுவார். மறுநாள் கடையில் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்து, குக்கர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பதினாலு கிலோமீட்டர் நடந்த கதையைச் சொல்லுவார். கேட்டவர்கள் குக்கர் விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு போன் வந்தது. குழுவின் செயலாளர் ராஜேந்திரன், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், பேசினார். பழைய தலைவர் பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டாராம். புதுத் தலைவர் பதவிக்கு முதலில் உங்கள் பேரைத்தான் யோசித்திருக்கிறோம், மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பேசுகிறோம் என்றார்.

கோதண்டராமனுக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் என்றால் சும்மாவா? கார்த்திகை தீபத்துக்கு செங்கம் ரோட்டில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் பேனர் கட்டுவார்கள். அதில் தலைவர் படம் ஆள் உயரத்துக்கு இருக்கும். ஐம்பத்தாறு வருஷத்தில் கோதண்டராமனின் முகம் எந்த பேனரிலும் ஏறியதில்லை. இப்படியே போனால் தன் படம் ஏறப்போகிற முதல் பேனர் கண்ணீர் அஞ்சலியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய நிஜமான பயம். பாவம், அந்தப் பயத்தில் மட்டும் அவரிடம் பொய் கிடையாது.

ஆனால் தலைவர் என்றால் கூட்டத்துக்கு முன்னால் நடக்க வேண்டாமா? பழைய தலைவரை நடையில் இவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ரொம்ப முன்னால் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வார். அந்த மாதிரி நடக்க மூன்று வாரத்தில் பழக வேண்டும். ரோட்டில் பழகினால் மூச்சு வாங்குவதை ஊரே பார்க்கும். அதனால் கையும் காலும் சேர்ந்து ஆடுகிற அந்த எலிப்டிக்கல் மெஷினை ஆன்லைனில் ஆர்டர் போட்டார்.

மாட்டிக்கொடுக்க வந்த மெக்கானிக் நல்ல மாதிரி. மேடு பள்ளம் இல்லாத தரையில் வையுங்கள், ஷூ போட்டுக்கொண்டு ஏறுங்கள், முதல் வாரம் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், மிதியின் கனம் கூட்டுகிற லோடைக் கம்மியாக வைத்து, முதுகை நேராக வைத்து மிதியுங்கள், நிறுத்துவதற்கு முன்னால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று பொறுமையாகச் சொன்னான். சரோஜா ஒரு தாளில் எழுதி மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். கோதண்டராமன் அந்தத் தாளின் மேல் அண்ணாமலையார் காலண்டரை மாட்டினார்.

முதல் பிரச்சினை திசையில் வந்தது. கிரிவலத்தில் மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். அவர் வீட்டுக்கு மலை வடக்கே. அப்படியென்றால் மெஷின் மேற்கே பார்க்க வேண்டும். மெக்கானிக் வைத்துவிட்டுப் போன இடத்தில் அது டீவியைப் பார்த்துக்கொண்டு கிழக்கே இருந்தது. "மலையை இடது கையில வெச்சுக்கிட்டு நடந்தா இருக்கற புண்ணியமும் போயிடும்டி" என்று சொல்லி, தானே தம் கட்டி இழுத்துத் திருப்பினார். மேற்கே திருப்பினதில் ஒரு கால் ஹாலிலும் ஒரு கால் வாசப்படிப் பள்ளத்திலும் நின்றது. ஏறினால் ஆடியது. கடையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை நிறுத்தினார். ஆட்டம் நின்றது. அதற்குப் பதில், ஒவ்வொரு மிதிக்கும் தட்டு தரையில் தேய்ந்து கிறீச்சிட ஆரம்பித்தது. நாலு மிதிக்கு ஒரு தடவை மெஷின் அரை அடி வழுக்கிப் போனது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஊரைச் சுற்றப் பார்த்தவர், நின்ற இடத்தில் நிற்கக்கூட முடியாமல் ஹாலைச் சுற்றினார்.

ஷூ கேள்விக்கே இடமில்லை. அண்ணாமலையாரைச் செருப்புப் போட்டுக்கொண்டா சுற்றுவது? வெறுங்காலில்தான் ஏறினார். மிதியில் இருந்த சொரசொரப்பு இரண்டே நாளில் உள்ளங்காலைக் கொப்புளமாக்கியது. கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். எண்ணெய்க் காலோடு ஏறினால் வழுக்காமல் என்ன செய்யும்? வழுக்கி முழங்காலில் அடி வாங்கினார்.

"ஷூ போட்டா அடி படாதுங்க" என்றாள் சரோஜா.

"உனக்கு பக்தி கம்மி. அதான் அப்படித் தோணுது."

பக்தி கம்மியான சரோஜா தினம் காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் மெஷினை இழுத்துச் சமதரையில் வைத்து, ஷூ போட்டுக்கொண்டு, லோடு இரண்டில், பதினைந்து நிமிஷம் மிதித்துவிட்டு மறுபடியும் தட்டு மேலே ஏற்றி வைத்துவிடுவாள். அவளுக்கு மாடிப்படி ஏறும்போது வருகிற முட்டி வலி அந்த மாசம் வரவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்க ஆள் வேண்டுமே.

அடுத்த கிறுக்கு லோடில் பிறந்தது. மெஷினில் லோடு கூட்டுகிற திருகில் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் இருந்தது. கிரிவலப் பாதையில் அஷ்ட லிங்கம் இருக்கிறது. கோதண்டராமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சீனாக்காரன் தெரியாமல் செய்திருக்கலாம், ஆனால் செய்ய வைத்தது யார் என்று சரோஜாவைக் கேட்டார். அன்றிலிருந்து இந்திர லிங்கத்துக்கு ஒன்று, அக்னி லிங்கத்துக்கு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய், ஈசான்ய லிங்கத்துக்கு எட்டில் நிறுத்துவது என்று சட்டம் போட்டார். கால் ஓய்ந்து போகிற நேரத்தில், அதாவது மெக்கானிக் மெதுவாகப் போகச் சொன்ன நேரத்தில், இவர் மாவு அரைக்கிற ஆட்டுக்கல்லைக் காலால் சுற்றுகிற மாதிரி மிதித்தார். முதல் நாள் எம லிங்கத்தோடு சரி. அந்த விஷயத்தில் மட்டும் வீட்டு கிரிவலமும் ரோட்டு கிரிவலமும் ஒன்றாகவே இருந்தது.

எட்டில் கால் அசையாமல் போகும்போது மிதி தானாகப் பின்னால் சுற்றும். இது என்ன ஆபத்து என்று உங்களுக்குப் புரியாது. முன்னால் சுற்றினால் வலம். பின்னால் சுற்றினால் இடம். மலையைத் தப்புப் பக்கமாகச் சுற்றின பாவம் வந்து சேருமே! பின்னால் மிதிப்பதும் காலுக்கு நல்லதுதான் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள் சரோஜா. அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பரண் மேல் போட்டார். மிதி ஒரு தடவை பின்னால் போனால் பரிகாரமாக இன்னொரு அரை கிலோமீட்டர் முன்னால் மிதிப்பது என்று முடிவு செய்தார். பரிகாரம் செய்யும்போது கால் இன்னும் ஓயும். ஓய்ந்தால் மிதி மறுபடி பின்னால் போகும். அதற்கு இன்னொரு பரிகாரம். ஒரு புதன்கிழமை இந்தக் கணக்கில் சிக்கிக்கொண்டு மதியம் வரைக்கும் இறங்கவே இல்லை. கடை பூட்டியே கிடந்தது.

இதற்கு நடுவில் குழுவின் வாட்ஸப்பில் தினம் ஒரு படம் போட்டார். நாலு நாள் மிதித்ததைக் கூட்டி மெஷின் பதினாலு காட்டியபோது அதைப் படம் எடுத்து, 'இன்றைய கிரிவலம் இனிதே நிறைவு' என்று எழுதினார். முதல் படத்துக்குக் கைதட்டு வந்தது. அடுத்த படங்களுக்கு ஒன்றும் வரவில்லை. எல்லாருக்கும் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டபடி மிதிக்கிற மாதிரி ஒரு படம் போட்டால் அமர்க்களமாக இருக்கும் என்று தோன்றியது. கைப்பிடியை விட்டார். கும்பிட்டார். மெஷின் வழுக்கியது. சரோஜா சரியான நேரத்தில் படம் எடுத்தாள். அடுத்த நொடியில் கணுக்கால் மிதிக்கட்டைக்கும் எவர்சில்வர் தட்டுக்கும் நடுவில் மடங்கியது.

டாக்டர் முழங்காலையும் கணுக்காலையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்றார். செயலாளர் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோதண்டராமன் வீங்கின காலைக் கட்டுக் கட்டி ஒரு தொளதொளப் பேன்ட்டுக்குள் ஒளித்தார். காலில் அடித்த வலி ஸ்ப்ரே வாசனை தெரியக் கூடாது என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். இரண்டு வலி மாத்திரையை முழுங்கிவிட்டு வாசலில் நின்றே வரவேற்றார். ராஜேந்திரனும், குழுவுக்கு வேன் ஓட்டுகிற கருப்பனும் வந்தார்கள். இருவரும் மெஷினையே பார்த்தார்கள்.

ராஜேந்திரன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "முட்டி, கணுக்கால் எல்லாம் எப்படி இருக்குங்க? வலி ஏதாச்சும் உண்டா?"

"வலியா? எனக்கா?"

"கடையில நாள் பூரா உக்காந்துதானே இருப்பீங்க? அதுல ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"அதெல்லாம் பழைய கதைங்க. இப்பல்லாம் பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல உக்காந்தாலே எனக்கு ஒத்துக்கறதில்லை" என்றார் கோதண்டராமன். சரோஜா காபியோடு வந்து, அவருக்கு இரண்டு நாளாகக் கால் சரியில்லை என்று ஆரம்பித்தாள். கோதண்டராமன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எக்கேடோ கெடட்டும் என்று அவள் முணுமுணுத்தது யாருக்கும் கேட்கவில்லை.

வந்தவர்கள் முகத்தில் தெளிவு இல்லாததைப் பார்த்த கோதண்டராமன், நம்பவில்லை போலிருக்கிறது என்று மெஷினில் ஏறினார். ஏறும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பக்தி என்று காட்டிக்கொண்டார். பத்து நிமிஷம் மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே மிதித்தார். மிதிக்க மிதிக்க ராஜேந்திரனின் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர், "ரொம்ப நல்லாவே நடக்கறீங்க" என்று சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டு எழுந்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அசந்து போய்விட்டார்கள் என்றார் கோதண்டராமன். மெஷினிலிருந்து அவரை இறக்க எதிர்வீட்டுக்காரர் வர வேண்டியிருந்தது. அந்த வலியிலும் ஸ்டூடியோவுக்கு ஆட்டோவில் போய், பேனருக்காகச் சால்வை போர்த்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் அறிவிப்பு வந்தது. புதிய தலைவராகத் திரு. மாறன் ஏகமனதாகத் தேர்வு.

கோதண்டராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். மாறன் என்றால் போன வருஷம் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கொண்ட மாறன். கைத்தடி இல்லாமல் சொந்த வீட்டு பாத்ரூமுக்குப் போக முடியாத மாறன். கோதண்டராமனுக்கு ஆத்திரத்தில் நாக்குக் குழறியது. பணம் விளையாடியிருக்கிறது என்றார். அரசியல் என்றார். சரோஜா ஒத்தடத் துணியைப் பிழிந்து வைத்தாள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஸ்டூடியோ படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். அதைப் பார்க்க சரோஜாவுக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பௌர்ணமி நோட்டீஸ் கொடுக்கக் கருப்பன் வந்தான். கோதண்டராமன் சோபாவில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். மூன்று வாரத்து ஆத்திரத்தையும் அவன் தலையில் கொட்டினார். நடக்கத் தெரிந்தவனை விட்டுவிட்டு நொண்டியைத் தலைவராக்குகிற குழு உருப்படுமா என்று கேட்டார். கருப்பன் அந்தக் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நிஜமான வருத்தத்தோடு சொன்னான்:

"இந்தக் காலை அன்னிக்கே காட்டியிருக்கக் கூடாதா சார்? நாங்க நாப்பது பேரும் மலையைச் சுத்திட்டு வர்ற வரைக்கும் ஒரே எடத்துல உக்காந்து எங்க செருப்பைப் பாத்துக்கறதுதான் தலைவர் வேலை. எம லிங்கத்துக்கு மேல நடக்கவே முடியாதவர்னு நம்பித்தான் முதல்ல உங்க பேரை எழுதினோம்."